ஜெப நேரம் ஏன் திட்டு நேரமாகிவிடுகிறது? தாய்மாரின் கேள்விகள்

கேள்வி: மூத்தவனுக்கு நாலு வயது, சின்னவளுக்கு இரண்டு. தினமும் இரவு படுக்கும் முன் குடும்ப ஜெபம் வைக்கிறோம். ஒரு அதிகாரம் வாசித்து முடிப்பதற்குள் ஒருவன் தரையில் உருள்கிறான், இன்னொருத்தி அழுகிறாள். "கண்ணை மூடு, கையைக் கூப்பு" என்று அதட்டி அதட்டியே ஆமென் சொல்லி முடிக்கிறோம். என்ன செய்யலாம், அக்கா?

பதில்: முதலில் நேரத்தை மாற்றுங்கள், சகோதரி. தூக்கம் கண்ணைச் சொருகும் வேளையில் எந்தப் பிள்ளையும் அடங்கி உட்காராது. அது பிடிவாதம் இல்லை, களைப்பு. இரவுச் சாப்பாட்டுக்கு முன்போ, சாப்பிட்டு எழுந்த உடனேயோ வையுங்கள்.

அடுத்தது அளவு. இந்த வயதுக்கு மொத்தமே ஐந்து முதல் ஏழு நிமிடம் போதும். அதற்குள் ஒரு பாட்டு, ஒரு சின்னப் பகுதி, ஒரே ஒரு கேள்வி, ஆளுக்கு ஒரு வரி ஜெபம். பாட்டில் தொடங்குவது முக்கியம். ஓடிக்கொண்டிருக்கிற பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைக்கும் வேலையைப் பாட்டே செய்துவிடும். வாரம் முழுக்க ஒரே பாட்டாக இருக்கட்டும். உறவினர், சபை, ஊழியம் என்று எல்லோருக்காகவும் செய்யும் நீண்ட ஜெபத்தைப் பிள்ளைகள் தூங்கிய பிறகு நீங்களும் கணவரும் செய்யலாம். பல வீடுகளில் குடும்ப ஜெபம் கசந்துபோவது வாசிப்பினால் அல்ல, பெரியவர்களின் நீண்ட ஜெபத்தினால்தான்.

முழு அதிகாரம் வேண்டாம். காணாமற்போன ஆடு (லூக்கா 15:3-7) ஐந்தே வசனம். புயலை அமர்த்தியது (மாற்கு 4:35-41), பர்திமேயு பார்வையடைந்தது (மாற்கு 10:46-52) இரண்டும் ஏழு ஏழு வசனம். ஒரு கதையை எடுத்தால் ஒரு வாரம் அதையே சொல்லுங்கள். நமக்குத்தான் சலிக்கும், பிள்ளைக்குச் சலிக்காது. புயல் கதையையே எடுத்துக்கொள்வோம். முதல் நாள் வேதாகமத்தை மடியில் திறந்து வைத்துக்கொண்டு உங்கள் பேச்சு மொழியில் சொல்லுங்கள். அடுத்த நாள் ஒரு தலையணையைப் பிள்ளையிடம் கொடுத்து, "படகில் இயேசப்பா எப்படித் தூங்கினார், காட்டு" என்று கேளுங்கள். அந்தத் தலையணை மாற்கு 4:38-லேயே இருக்கிறது. மற்ற சுவிசேஷங்களில் இல்லை. மூன்றாம் நாள் ஒரு போர்வையை அலையாக ஆட்டுங்கள், "இரையாதே, அமைதலாயிரு" என்று பிள்ளை சொன்னதும் நிறுத்துங்கள். வாரக் கடைசியில் கதையை அவனே உங்களுக்குச் சொல்லுவான். தப்பாகச் சொன்னால் இடையில் திருத்தாதீர்கள். மறுநாள் நீங்கள் சரியாகச் சொல்லும்போது அவனே பிடித்துக்கொள்வான்.

இரண்டு வயதுக்காரி நடந்துகொண்டே கேட்கட்டும். கண்ணை மூடித்தான் ஜெபிக்க வேண்டும் என்று வேதத்தில் எங்கும் கட்டளை இல்லை. யோவான் 17:1-இல் இயேசு கண்களை வானத்துக்கு ஏறெடுத்துத்தான் ஜெபித்தார். கண்ணை மூடுவது கவனம் சிதறாமலிருக்க நாம் வைத்துக்கொண்ட பழக்கம். நல்ல பழக்கம்தான், ஆனால் அதற்காக ஜெபத்தின் நடுவில் பிள்ளையை அதட்டுவதில் அர்த்தமில்லை. பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களை அதட்டிய சீஷர்கள்மேல் இயேசு விசனமடைந்தார் என்று மாற்கு 10:14 சொல்கிறது. அந்த வசனம் ஜெப வேளையில் நம் நினைவில் இருக்கட்டும்.

கேள்வி: பொய் சொன்னாலோ தம்பியை அடித்தாலோ, "இயேசப்பா கண்ணைக் குத்துவார்" என்று என் மாமியார் பயமுறுத்துகிறார். நான் அப்படிச் சொல்வதில்லை, "பெற்றாருக்குக் கீழ்ப்படியுங்கள்" என்ற வசனத்தைச் சொல்லிக் கண்டிக்கிறேன். இது சரிதானே?

பதில்: மாமியார் சொல்வதை நிறுத்த வேண்டும், சந்தேகமே இல்லை. கண் தெரியாதவனுக்குப் பார்வை கொடுத்தவரை, கண்ணைக் குத்துகிறவர் என்று பிள்ளை மனதில் பதிய விடக்கூடாது. ஆனால் மாமியாரிடம் பிள்ளை முன்னால் வாதாட வேண்டாம். தனியாக இருக்கும்போது, "அத்தை, இயேசப்பாவை நினைத்தாலே பயப்படுகிறான், ஜெபிக்க வரமாட்டேன் என்கிறான்" என்று சொல்லுங்கள். பேரன் ஜெபிக்க மாட்டேன் என்பதை எந்தப் பாட்டியும் தாங்கமாட்டார்.

உங்கள் முறையிலும் ஒரு ஆபத்து இருக்கிறது, சகோதரி. நீங்கள் சொல்லும் வசனம், எபேசியர் 6:1, பிள்ளைகளுக்கு. மூன்று வசனம் தள்ளி நமக்கு ஒன்று இருக்கிறது: "உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல்" வளர்க்கச் சொல்கிறது. கொலோசெயர் 3:21 காரணத்தையும் சொல்கிறது, பிள்ளைகள் திடனற்றுப்போவார்கள் என்று. கோபத்தில் குரல் ஏறியிருக்கும்போது வசனம் சொன்னால், பிள்ளை கேட்பது வசனத்தை அல்ல, உங்கள் கோபத்தை. நாளடைவில் வேதாகமத்தைக் கையில் எடுத்தாலே "நான் என்ன தப்பு செய்தேன்?" என்று பார்ப்பான். வசனத்தைப் பத்துமுறை எழுத வைக்கும் தண்டனையும் இதே விளைவைத்தான் தரும்.

தம்பியை அடித்த அந்த நேரத்தில் வசனம் வேண்டாம். முட்டி போட்டு அவன் கண் மட்டத்துக்கு இறங்கி, கையைப் பிடித்து நிறுத்துங்கள். "தம்பியை அடித்தாய். அவனுக்கு வலிக்கிறது" என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள். "நீ கெட்ட பையன்" வேண்டாம். பிறகு சரிசெய்ய ஒரு வேலை கொடுங்கள்: தம்பியைத் தடவிக்கொடுக்கட்டும், பிடுங்கிய பொம்மையைத் திருப்பித் தரட்டும். எல்லாம் ஆறி அரைமணி நேரம் கழித்து மடியில் உட்கார்ந்திருக்கும்போது எபேசியர் 4:32-ஐச் சொல்லலாம்: ஒருவருக்கொருவர் தயவாய் இருங்கள். அப்போது அது உள்ளே போகும்.

நீங்களே கத்திவிட்ட நாட்களில், "அம்மா கத்தினது தப்பு, என்னை மன்னித்துவிடு" என்று சொல்லுங்கள். அதோடு நிறுத்திவிட வேண்டும். "ஆனா நீயும்தான்..." என்று தொடர்ந்தால் மன்னிப்பு மறுபடியும் திட்டாக மாறிவிடும். பாவ அறிக்கை என்றால் என்ன என்பதைப் பிள்ளை கற்றுக்கொள்வது இந்த இடத்தில்தான், அதனால் கூச்சப்படாதீர்கள்.

கேள்வி: ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப் போன கதையை ஓய்வுநாள் பள்ளியில் கேட்டுவிட்டு வந்த ஐந்து வயது மகள், "கடவுள் சொன்னா அப்பா என்னையும் வெட்டுவாரா?" என்று கேட்டாள். எனக்குப் பேச்சே வரவில்லை.

பதில்: இதற்குச் சுற்றி வளைக்காத ஒரே பதில்: "மாட்டார். கடவுள் அப்படிக் கேட்கவும் மாட்டார்." முதலில் அதைச் சொல்லி அணைத்துக்கொள்ளுங்கள். விளக்கமெல்லாம் அப்புறம்தான். "கடவுளுக்குக் கீழ்ப்படியணும் இல்லையா" என்று இழுத்தால், அன்றிரவு பிள்ளை தூங்காது.

நீங்கள் இப்படி உறுதியாகச் சொல்வதற்கு வேதத்தில் ஆதாரம் இருக்கிறது. ஆதியாகமம் 22:12-இல் "பிள்ளையாண்டான்மேல் உன் கையைப் போடாதே" என்று தடுத்ததே கர்த்தருடைய தூதன். பிள்ளைகளைப் பலியிடுவதை லேவியராகமம் 20-ஆம் அதிகாரம் மரண தண்டனைக்குரிய குற்றமாக வைக்கிறது. எரேமியா 7:31-இல், அது தம் மனதில் தோன்றவுமில்லை என்கிறார் கர்த்தர். ஐந்து வயதுப் பிள்ளையிடம் இத்தனையும் சொல்ல வேண்டாம். "கத்தியை நிறுத்தச் சொன்னதே கடவுள்தான். ஈசாக்குக்குப் பதிலா ஆட்டுக்கடாவை அவரே கொடுத்தார்" என்பது போதும்.

இந்தக் கதையை ஏழெட்டு வயதுக்கு முன் சொல்லாமலிருப்பதே என் அபிப்பிராயம். சின்னப் பிள்ளை கதைக்குள் தன்னை வைத்துத்தான் கேட்கும், ஆபிரகாமின் விசுவாசம் அதற்குப் பிடிபடாது. நோவாவின் வெள்ளமும் அப்படியே. மழை பெய்யும்போதெல்லாம் பயப்படுகிற பிள்ளைக்கு மிருகங்களின் வரிசையோடு கதையை முடிக்காமல், ஆதியாகமம் 9-இலுள்ள வானவில்வரை கொண்டுபோய் நிறுத்துங்கள். ஓய்வுநாள் பள்ளி ஆசிரியையிடமும் மகள் கேட்ட கேள்வியைத் தன்மையாகச் சொல்லுங்கள். அடுத்த முறை சின்ன வகுப்புக்கு வேறு கதை எடுப்பார்.

கேள்வி: வசனங்களைக் கடகடவென்று ஒப்பிக்கிறாள், ஆனால் அர்த்தம் தெரியவில்லை.

பதில்: வேகத்தைக் குறையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரே வசனம், நாலைந்து வார்த்தைக்குள். "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" (சங்கீதம் 56:3) நல்ல தொடக்கம். கரண்ட் போய் இருட்டாகும்போது, ஊசி போடப் போகும்போது, அந்த இடத்தில் அவளோடு சேர்ந்து சொல்லுங்கள். வசனத்தின் பொருள் அங்கேதான் பிடிபடும். வாரத்தில் ஒருநாள் பழைய வசனங்களைத் திரும்பச் சொல்லாவிட்டால் மறந்துபோகும். வந்தவர்கள் முன்னால் "மாமாவுக்கு ஒரு வசனம் சொல்லு" என்று நிறுத்தி வைப்பதை விட்டுவிடுங்கள்.

கேள்வி: கைக்குழந்தை பிறந்த பிறகு வேதம் வாசிக்கவே முடியவில்லை. குற்ற உணர்வாக இருக்கிறது.

பதில்: ஏசாயா 40:11-ஐ வாசியுங்கள். கறவலாடுகளை, அதாவது குட்டிக்குப் பால் கொடுக்கிற ஆடுகளை, மேய்ப்பர் மெதுவாய் நடத்துகிறார். பால் கொடுக்கிற உங்களிடம் அவர் ஓட்டத்தை எதிர்பார்க்கவில்லை. அதிகாலையில் எழ வேண்டும் என்று இப்போது கட்டாயப்படுத்திக்கொள்ள வேண்டாம், தூக்கம் கிடைக்கும்போது தூங்குங்கள். பால் கொடுக்க உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் வேதாகமத்தைத் திறந்தபடியே வையுங்கள். சங்கீதம் 120 முதல் 134 வரையுள்ள ஆரோகண சங்கீதங்களில் தொடங்கலாம். பதினைந்து சங்கீதங்களில் 132 மட்டும்தான் 18 வசனம், மற்றவை எல்லாம் ஒன்பதுக்குள். ஒரு முறை பால் கொடுக்கும் நேரத்துக்குள் ஒன்றை நிதானமாக இரண்டு தடவை வாசிக்கலாம். தாயின் மடியில் பால்மறந்த குழந்தையைப் பற்றிய 131-ஆம் சங்கீதத்துக்கு மூன்றே வசனம். இன்றைக்கு அதிலிருந்தே ஆரம்பியுங்கள்.