பூங்காவுக்கு உபயதாரர் தேடும் முன்

கேள்வி: மதுரை ஆனையூர் பக்கம் எங்கள் குடியிருப்பில் ஒரு பூங்கா இருக்கிறது. ஊஞ்சல் அறுந்து கிடக்கிறது, நடைபாதையில் கல் பெயர்ந்துவிட்டது. அதைச் சரிசெய்து, பிள்ளைகளுக்கு மாலையில் வாலிபால் பயிற்சியும் மே மாதம் கோடை முகாமும் நடத்த ஆசைப்படுகிறோம். மூன்று கம்பெனிகளுக்கு மனு கொடுத்தோம், பதில் இல்லை. எப்படிக் கேட்பது? – குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர்

பதில்: நீங்கள் அனுப்பிய மனு நகலைப் படித்தேன். ‘எங்கள் பகுதிப் பூங்காவை மேம்படுத்தத் தங்களால் இயன்ற நிதியுதவி செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்’ என்று முடிகிறது. எவ்வளவு பணம், எந்த வேலைக்கு, யார் பெயரில் செக் என்று எதுவும் இல்லை. அதைவிட முக்கியமாக, இடம் யாருடையது என்றே இல்லை.

பெரிய மனைப்பிரிவுகளில் பூங்காவுக்கென ஒதுக்கும் 10 சதவீத நிலம் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குப் போய்விடும். உங்கள் பூங்காவும் அப்படித்தான் என்றால், ஒரு தூண் நடவும் பெயர்ப்பலகை வைக்கவும்கூட மாநகராட்சி அனுமதி வேண்டும். வார்டு கவுன்சிலரை அழைத்துக்கொண்டு மண்டல அலுவலகத்துக்குப் போங்கள். பராமரிக்கவும் பயிற்சி நடத்தவும் எழுத்துபூர்வ அனுமதி வாங்குங்கள். அந்தத் தாள் இல்லாமல் எந்தக் கம்பெனியிலும் கோப்பு நகராது.

அடுத்து, கம்பெனிப் பணம் இரண்டு வழியில் வரும். இரண்டையும் ஒரே மனுவில் கலந்துவிடாதீர்கள்.

ஒன்று சிஎஸ்ஆர், அதாவது கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் செலவு. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, முந்தைய ஆண்டில் நிகர லாபம் 5 கோடி ரூபாய் தொட்ட நிறுவனமோ, விற்றுமுதல் 1,000 கோடி தொட்டதோ, நிகர மதிப்பு 500 கோடி தொட்டதோ, மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தொழில் நடக்கும் சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது சட்டம். அதனால் சென்னைக்கு எழுதுவதற்கு முன் கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைகளில் யார் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். ஆனால் எல்லாச் செலவும் இதில் சேராது. மரம் நடுவது சுற்றுச்சூழல் தலைப்பில் வரும். முதியோருக்கான வசதிகளுக்குத் தனித் தலைப்பு உண்டு. வாலிபால் ஒலிம்பிக் விளையாட்டு என்பதால் அதன் பயிற்சிக்கும் இடமிருக்கிறது. கம்பெனி தன் பொருளை விளம்பரப்படுத்தத் தரும் ஸ்பான்சர்ஷிப் சேராது. மாரத்தான் போல ஒருமுறை நடந்து முடிந்துவிடும் நிகழ்ச்சிகளும் சேராது. ஆகவே ஆண்டு முழுக்க நடக்கும் பயிற்சியை இங்கே கேளுங்கள், கோடை முகாமைக் கேட்காதீர்கள்.

சிஎஸ்ஆர் பணத்தை வாங்கிச் செலவிடும் அமைப்புக்கு வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவும், மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 படிவம் தாக்கல் செய்து பெற்ற எண்ணும் வேண்டும். மூன்றாண்டு அனுபவமும் கேட்பார்கள். குடியிருப்போர் சங்கங்களில் பெரும்பாலானவற்றுக்கு இதெல்லாம் இருக்காது. அதற்காக மனம் தளர வேண்டாம். பதிவுள்ள ஓர் அறக்கட்டளையோடு சேர்ந்து கேட்கலாம். அல்லது பணமாகத் தராமல் கம்பெனியே நேரடியாகச் செய்துதரச் சொல்லலாம்.

இன்னொன்று விளம்பரச் செலவு. கோடை முகாமின் டீ-ஷர்ட்டில் பெயர் போட ஜவுளிக்கடையோ பல் மருத்துவமனையோ தயாராக இருக்கும். இதை முடிவு செய்பவர் முதலாளியே. நேரில் போய்ப் பேசுங்கள். புகையிலை நிறுவனம் மட்டும் வேண்டாம், அந்த ஸ்பான்சர்ஷிப்பைச் சட்டமே தடுக்கிறது.

உபயதாரர் பெயர்ப்பலகை விஷயத்தில் ஒரு நுணுக்கம். ‘தந்தையார் நினைவாக’ என்று கொடையாளர் பெயர் மட்டும் இருந்தால் அது நன்கொடை. கடையின் பொருளைப் பற்றி எழுதினால் விளம்பரம், அதற்கு ஜிஎஸ்டி கேள்வி வரும். அறநிறுவனங்களின் பெயர்ப்பலகைகளுக்கு 2019இல் வந்த சுற்றறிக்கை இந்த வித்தியாசத்தைத்தான் சொல்கிறது.

தமிழக அரசின் ‘நமக்கு நாமே’ திட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். பொதுமக்கள் பங்கு மூன்றில் ஒரு பகுதி, மீதியை அரசு போடும். கம்பெனி தரும் தொகையையும் மக்கள் பங்காகக் காட்டலாம். ‘நீங்கள் ஒரு லட்சம் தந்தால் மூன்று லட்சத்துக்கு வேலை நடக்கும்’ என்று சொல்லிப் பாருங்கள், கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். இது கட்டுமான வேலைக்குத்தான். கோச் சம்பளம் இதில் வராது.

பணம் கிடைப்பதைவிடக் கஷ்டம் அதன் பிறகுதான். புது ஊஞ்சலுக்குக் கொடுக்க ஆள் உண்டு. அதன் சங்கிலிக்கு எண்ணெய் போடவும், செடிக்குத் தண்ணீர் ஊற்றவும், தோட்டக்காரருக்குச் சம்பளம் தரவும் யாரும் முன்வருவதில்லை. உங்கள் பூங்கா இந்த நிலைக்கு வந்ததும் அதனால்தானே? இதற்குக் கம்பெனியை நம்பாதீர்கள். சித்திரைத் திருவிழா மண்டகப்படியைத் தலைமுறை தலைமுறையாக விடாமல் நடத்தும் குடும்பங்கள் உள்ள ஊர் இது. பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு குடும்பங்கள் என்று மாத உபயம் எழுதிவையுங்கள். பெற்றோர் நினைவு நாள், பிள்ளையின் பிறந்தநாள் வரும் மாதத்தை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்.

இனி மனுவைத் திரும்ப எழுதுங்கள். ஒரே பக்கம் போதும். ‘நான்கு எல்இடி விளக்குக் கம்பங்கள், ஒரு வாலிபால் கோர்ட். மூன்று கொட்டேஷன் இணைத்துள்ளோம். மாநகராட்சி அனுமதி இணைத்துள்ளோம். பராமரிப்புச் செலவைச் சங்கம் ஏற்கிறது.’ நான் விளக்கைத்தான் முதலில் கேட்பேன். இருட்டான பூங்காவுக்குப் பெண் பிள்ளைகளை எந்த வீட்டிலும் அனுப்ப மாட்டார்கள். அவர்கள் வராத பயிற்சி பாதிப் பயிற்சிதான்.

சிஎஸ்ஆர் மனுவை ஜனவரி, பிப்ரவரியில் கொடுங்கள். ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டுக்குத் திட்டம் போடும் நேரம் அது. பணம் வந்து வேலை முடிந்ததும் பில் நகல், போட்டோ, செலவுக் கணக்கு மூன்றையும் கேட்காமலே அனுப்பிவிடுங்கள். அடுத்த ஆண்டுக்கான மனுவை அதோடு சேர்த்தே கொடுக்கலாம்.