அப்பாவுக்கு வீடு பார்க்கும்போது

தம்பி, மலேசியாவில் பினாங்கின் பாயான் லெப்பாஸில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற அப்பாவையும் அம்மாவையும் திருநெல்வேலியிலிருந்து பினாங்குக்கு அழைத்துவர நினைக்கிறீர்கள். "நாள் முழுக்க வீட்டுக்குள் என்ன செய்வார்? இங்கே வயதானவர்கள் எப்படிப் பொழுதைக் கழிக்கிறார்கள்?" என்று கேட்டிருந்தீர்கள். நானும் ஊரிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவன், இப்போது ஓய்வில் இருப்பவன். அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் விஷயம் வீடு. கம்பெனிக்குப் பக்கம், நீச்சல் குளம் வேறு இருக்கிறது என்று மேட்டில் நிற்கும் ஒரு கொண்டோவை, அதாவது சொகுசு அடுக்குமாடி வீட்டை, எடுத்துவிடாதீர்கள். கீழே இறங்கினால் கார் பறக்கும் சாலைதான் இருக்கும். ஒரு பால் பாக்கெட் வாங்கவும் அப்பா நீங்கள் வரும்வரை காத்திருப்பார். நேற்றுவரை சொந்தக் காலில் நடமாடிய மனுஷனுக்கு அதுதான் பெரிய தண்டனை. பழைய அடுக்குமாடியாக இருந்தாலும் பரவாயில்லை. நடக்கிற தூரத்தில் ஒரு கோப்பிக் கடை, ஒரு பாசார் (சந்தை), ஒரு பேருந்து நிறுத்தம், முடிந்தால் ஒரு கோயில் இருக்கட்டும். இங்கே சுறுசுறுப்பாக இருக்கிற வயதானவர்களைப் பாருங்கள், பிள்ளையின் காரை நம்பாமல் வெளியே போய் வரக்கூடியவர்களாகவே இருப்பார்கள்.

அடுத்தது நேரம். இங்கே கடிகாரம் ஊரைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். ஊர்க் கணக்கில் ஐந்துக்கு விழிப்பவர் வந்த புதிதில் ஏழரைக்கு எழுவார், வெளிச்சமும் வந்திருக்கும். உடம்பு பழகியதும் இங்கத்திய ஐந்துக்கே எழுந்து உட்காருவார். அப்போது வெளியே கும்மிருட்டு. ஏழு மணிக்கு மேல்தான் விடியும் என்று முன்பே சொல்லிவையுங்கள். பத்து மணிக்கெல்லாம் வெயில் சுடும். நடையெல்லாம் அதற்கு முன்பு, இல்லாவிட்டால் சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு.

காலை நடைக்குத் தண்ணீர்மலைப் பக்கம் உள்ள தாவரவியல் பூங்காதான் என் சிபாரிசு. 1884-இல் தொடங்கிய தோட்டம், நுழைவுக் கட்டணம் கிடையாது. ஒரு மூலையில் சீனப் பாட்டிமார்கள் சின்ன ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு கையை மெதுவாகச் சுழற்றித் தை ச்சி என்ற சீன உடற்பயிற்சி செய்வார்கள். ஒரு தாத்தா தோளையும் தொடையையும் பட்பட்டென்று தட்டிக்கொண்டே பின்னோக்கி நடப்பார். யாரும் யாரையும் வேடிக்கை பார்க்கமாட்டார்கள். நம்மாட்கள் முதலில் ஓரமாக நின்று பார்ப்பார்கள், சில நாள் கழித்து கடைசி வரிசையில் நின்று கையைத் தூக்குவார்கள். மொழி வேண்டாம், முன்னால் நிற்பவரைப் பார்த்துச் செய்தால் போதும். கையில் மட்டும் பிளாஸ்டிக் பை வேண்டாம், குரங்குகள் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடும்.

அங்கிருந்து பக்கம்தான் மலைமேல் பாலதண்டாயுதபாணி கோயில். 513 படிகள். ஓய்வு பெற்றவர்களில் சிலர் உடற்பயிற்சியாகவே ஏறி இறங்குகிறார்கள். அப்பாவுக்கு முழங்கால் வலி இருந்தால் கீழே இருந்து கும்பிட்டாலும் முருகன் கோபித்துக்கொள்ளமாட்டார்.

நடை முடிந்தால் கோப்பிக் கடை. சர்க்கரை நோய் இருந்தால் "தே ஓ கோசோங்" என்று கேட்கச் சொல்லுங்கள், பாலும் சீனியும் இல்லாத டீ வரும். தமிழ்க்காரர்கள் கூடும் கடையில் மலேசிய நண்பன், மக்கள் ஓசை என்ற தமிழ் நாளிதழ்கள் மேசை மேசையாகக் கை மாறும். ஒரு கோப்பைத் தேநீரை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டு அரசியலைப் பத்தரை மணி வரை அலசுவார்கள், உங்களைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும். ஊரிலிருந்து புதிதாக வந்தவர் என்பதால் முதல் வாரம் அப்பாதான் அங்கே கதாநாயகர்.

பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுன் மையப் பகுதியில் 'கேட்' என்ற இலவசப் பேருந்து சுற்றுகிறது, வெளிநாட்டவரும் ஏறலாம். மற்றப் பேருந்துகளில் 60 தாண்டியவர்களுக்கான பாதிக் கட்டணம் மலேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான். லிட்டில் இந்தியாவில் இறங்கினால் குவீன் வீதி மகாமாரியம்மன் கோயில் இருக்கிறது, 1833-இல் எழுந்தது. அம்மாவுக்கு அங்கே பேச்சுத்துணைக்குப் பஞ்சமிருக்காது. பூ கட்டத் தெரிந்தவரைக் கோயிலில் விடவேமாட்டார்கள்.

ஒன்று எச்சரிக்கையாகச் சொல்கிறேன். இங்கே பலர் ஓய்வுக்குப் பிறகும் வேலை பார்க்கிறார்கள். சட்டப்படி தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60, 2013-லிருந்து. சேமநிதிப் பணத்தை 55-இலேயே எடுக்கலாம் என்பதால் சிலருக்கு அது சீக்கிரம் கரைந்துவிடுகிறது. அப்புறம் பாதுகாவலர் வேலை, வாடகைக் கார் என்று போகிறார்கள். அவர்களைப் பார்த்து அப்பாவும் 'தெரிந்தவர் கடையில் கணக்கு எழுதுகிறேன்' என்று கிளம்பலாம். வருகை அனுமதியில் இருப்பவர் அதைச் செய்யவே கூடாது. அரசு மருத்துவமனையிலும் வெளிநாட்டவருக்குக் கட்டணம் கூடுதல், ஆகவே காப்பீட்டை ஊரிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

பேரப்பிள்ளைகளைப் பள்ளியில் ஏற்றி இறக்குவது இங்கே பாதித் தாத்தாக்களின் உத்தியோகம். சந்தோஷமாகத்தான் செய்கிறார்கள். ஆனால் காலை முழுக்கக் குழந்தையை அவர்கள் தலையில் கட்டிவிட்டு, "அப்பா ஏன் வெளியே போவதே இல்லை" என்று பிறகு கேட்காதீர்கள்.

செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை மழை அதிகம், அந்த மாதங்களில் முதல் தடவை அழைத்துவர வேண்டாம். தைப்பூசத்தை ஒட்டி வரட்டும். தண்ணீர்ப் பந்தல்களில் காய்கறி நறுக்கவும் மோர் ஊற்றவும் எப்போதும் ஆள் தேவை, எந்த ஊர் என்று கேட்டபடியே கத்தியைக் கையில் கொடுப்பார்கள். வீட்டைக் கிரீன் லேன், ஜெலுத்தோங் பக்கம் தேடுங்கள். அங்கிருந்து பாயான் லெப்பாஸுக்குப் போய் வருவது உங்களுக்கும் பெரிய சிரமமில்லை.