நிலம் இறங்குகிறதா? ராடாரிடம் கேட்கலாம்

வானத்தில் போகிற செய்மதி தரையின் சென்ரிமீற்றரை அளக்குமாம். நம்பலாமா? (உப்புவெளி வாசகர்)

நம்பலாம். ஆனால் அது அளப்பது உயரத்தை அல்ல, மாற்றத்தை. ஐரோப்பாவின் ராடார் செய்மதியான சென்டினல்-1 ஏறத்தாழ 693 கிலோமீற்றர் உயரத்தில் இருந்து 5.6 செ.மீ. நீள அலையைச் சாய்வாக அனுப்பும். 12 நாள் கழித்து அதே பாதையில் வந்து மறுபடி அனுப்பும். இடையில் நிலம் இறங்கியிருந்தால் எதிரொலி சற்றுப் பிந்தும். அலை போய்வருவது இரட்டைத் தூரம் என்பதால், செய்மதி பார்க்கும் சாய்வுத் திசையில் 2.8 செ.மீ. நகர்ந்தாலே, இரண்டு எதிரொலியையும் ஒப்பிட்டு வரையும் படத்தில் ஒரு முழு வண்ணச் சுற்று விழும்.

புல்மோட்டையில் மணல் அள்ளுகிறார்கள். அங்கே நிலம் தாழ்வது தெரியுமா?

இல்மனைட் என்னும் கனிம மணலை அங்கே மேலிருந்து வழிக்கிறார்கள். அடியில் சுரங்கம் இல்லை. மேற்பரப்பே மாறிவிட்டால் பழைய எதிரொலியும் புதியதும் பொருந்தாது, படம் உப்பும் மிளகும் தூவினாற்போல் ஆகிவிடும். எங்கே கிண்டினார்கள் என்பதை அந்தக் குழப்பமே காட்டிக்கொடுக்கும். எவ்வளவு ஆழம் என்பதற்கு ட்ரோனோ மட்டம் பார்க்கும் கருவியோதான் வேண்டும்.

இந்த முறைக்குப் பொருத்தமான இடங்கள் ஜார்க்கண்டின் ஜாரியா, 2018 வரை கரி எடுத்த ஜெர்மனியின் ரூர் போன்ற நிலக்கரி வட்டாரங்கள். அடியில் கரியை எடுத்ததும் கூரை சரியும், மேலே தரை கிண்ணம்போல் குழியும். அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. 12 நாளில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையே 1.4 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் எத்தனை வண்ணச் சுற்று என்ற கணக்குத் தப்பிவிடும். அப்படி வேகமாக இறங்கும் இடத்துக்கு ஜப்பானின் அலோஸ்-2 செய்மதி அனுப்பும் 24 செ.மீ. அலைதான் தோது.

பக்கத்தில் கல்குவாரி. என் சுவரில் வெடிப்பு. ராடார் படத்தைச் சாட்சியாகக் காட்டலாமா?

வேண்டாம். சென்டினலின் ஒரு புள்ளி சுமார் 5 மீற்றருக்கு 20 மீற்றர். உங்கள் வீடு அதில் சில புள்ளிகள்தான். வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றை இரு பக்கமும் சீமெந்து வைத்து ஒட்டி, பக்கத்தில் திகதி எழுதுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். என் குசினிச் சுவரில் நானும் ஒட்டினேன். குவாரி வெடிகளுக்கெல்லாம் தாங்கிய கண்ணாடி மார்கழி மழையில் உடைந்தது. போய்ப் பார்த்தால், பீலித் தண்ணீர் அத்திவாரத்தடியில் இறங்கிக்கொண்டிருக்கிறது!

திருமலையில் எது நன்றாகத் தெரியும்?

கட்டடம், வெறும் பாறை, சீனன்குடா எண்ணெய்க் குதங்கள். தம்பலகாமத்து வயல் ஒவ்வொரு முறையும் வேறு முகம் காட்டும்.

படங்களுக்குக் காசா?

இல்லை. சென்டினல் படங்களும் அவற்றை ஒப்பிட உதவும் ஸ்னாப் மென்பொருளும் இலவசம். ஆனால் அலை பிந்தியதைக் கணக்கிடும் தகவலோடு வரும் எஸ்.எல்.சி. வகையையே இறக்குங்கள், அந்தத் தகவல் இல்லாத ஜி.ஆர்.டி. வகை இந்த வேலைக்கு உதவாது. முதல் முயற்சிக்கு ஆடி, ஆவணியில் எடுத்த இரண்டு படம் போதும். மாரிக் காலத்தில் காற்றின் ஈரமே அலையைப் பிந்தவைத்து, இறங்காத நிலத்தையும் இறங்கியதாகக் காட்டும்.