குடும்ப மாலை: சின்னப் பிள்ளைகளுக்கு வாரா வாரம் என்ன சொல்லித் தருவது? (கேள்வி பதில்)

வாரத்தில் ஒரு சாயங்காலம் பிள்ளைகளோடு உட்காரும் குடும்ப மாலை பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். சேலம் டவுன், ஓமலூர், ஏற்காடு என்று எல்லாப் பக்கமிருந்தும் கேட்டுவிட்டீர்கள். ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். நான் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் சபையில் குட்டிப் பிள்ளைகளுக்கு வகுப்பும் எடுக்கிறேன். இங்கே சொல்வதெல்லாம் 3 முதல் 8 வயது வரை உள்ளவர்களுக்கு. பத்து வயதைத் தாண்டியவர்கள் கதையே வேறு.

கேள்வி (அஸ்தம்பட்டி, ஒரு அம்மா): நாங்கள் சி.எஸ்.ஐ. வீட்டில் தினமும் ராத்திரி குடும்ப ஜெபம் உண்டு. நீங்கள் சொல்லும் குடும்ப மாலை அதுதானா, வேறா?

வேறுதான் அம்மா. குடும்ப ஜெபம் தினசரி நடப்பது, பெரும்பாலும் பெரியவர்கள் நடத்துவது. குடும்ப மாலை வாரத்தில் ஒரு நாள், பிள்ளைகளை நடுவில் உட்கார வைத்து நடத்துவது. ஒரு பாட்டு, சின்ன ஜெபம், ஒரு கதையோ பாடமோ, விளையாட்டு, கடைசியில் ஏதாவது பலகாரம். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இதை ஒரு ஒழுங்காகக் கொண்டுவந்தது எங்கள் சபை, பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 1915-ல் சபைத் தலைவராக இருந்த ஜோசப் எஃப். ஸ்மித்தும் அவருடைய ஆலோசகர்களும் எங்கள் சபையார் எல்லாருக்கும் ஒரு கடிதம் எழுதினார்கள். மாதத்துக்கு ஒரு மாலையாவது அப்பா அம்மா பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்க, பாட, விளையாட வேண்டும் என்பது அதன் சாரம். வாரம் ஒருமுறை என்று அழுத்திச் சொன்னது 1960-களில். 1970-ல் உலகம் முழுக்கத் திங்கள் மாலையை இதற்கென்று ஒதுக்கினார்கள், அன்றைக்கு ஆலயத்தில் வேறு கூட்டம் கிடையாது. ஆனால் இதற்கு யாரும் பட்டா வாங்கி வைத்திருக்கவில்லை. உங்கள் வீட்டு ஜெபத்தை அப்படியே வைத்துக்கொண்டு, வாரத்தில் ஒரு நாளை மட்டும் இப்படி மாற்றிப் பாருங்கள்.

கேள்வி (இரும்பாலை குடியிருப்பு, ஒரு அப்பா): எனக்கு ஷிப்ட். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு. திங்கள் என்றால் திங்கள்தானா சிஸ்டர்?

இல்லை தம்பி. எந்த நாள் தோதோ அந்த நாள் என்று இப்போது எங்கள் சபையிலேயே குடும்பத்தின் கையில் விட்டுவிட்டார்கள். உங்கள் ஷிப்ட் அட்டவணை கைக்கு வந்ததுமே காலண்டரில் நாளை வட்டம் போட்டுவிடுங்கள். வட்டத்தைப் பிள்ளை கையால் போடச் சொல்லுங்கள். அப்புறம் அவனே உங்களை விடமாட்டான். மதிய ஷிப்ட் வாரத்தில் காலை டிபனோடு வைத்தாலும் அது குடும்ப மாலைதான்.

கேள்வி (அழகாபுரம்): 4 வயதுப் பையன் ஐந்து நிமிஷம்கூட உட்கார மாட்டேன் என்கிறான். என்ன செய்தால் உட்காருவான்?

எதற்கு உட்கார வேண்டும்? எரிகோ கோட்டைக் கதையைச் சொல்லுங்கள். வீட்டில் இருக்கும் தலையணை எல்லாவற்றையும் அடுக்கிச் சுவர் கட்டுங்கள். ஆறு நாளைக்கு ஆறு சுற்று, ஏழாம் நாள் ஏழு சுற்று. அப்பா முன்னால், பையன் கையில் காகிதச் சுருள் எக்காளம். கடைசிச் சுற்றில் எல்லாரும் கத்த வேண்டும், சுவர் விழ வேண்டும். கீழ் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சுவர் விழுந்த கையோடு, மூச்சு வாங்க நிற்கும்போது, "இவ்வளவு பெரிய சுவரை யார் தள்ளினது?" என்று கேளுங்கள். அந்த ஒரு நிமிஷம்தான் பாடம். முன்னால் நடந்ததெல்லாம் அந்த நிமிஷத்துக்காகத்தான்.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை): எங்களுக்குக் கொலுசுப் பட்டறை, நேரமே இருக்காது. 3 வயதும் 6 வயதுமாக இரண்டு பெண்கள். ஒரு பாடத்தை எப்படித் தயார் செய்வது என்று முதலிலிருந்து சொல்லுங்களேன் அக்கா.

உங்கள் வீட்டுக்கென்றே எழுதி வைத்தது போல ஒரு கதை இருக்கிறது. லூக்கா 15-ஆம் அதிகாரத்தில் பத்து வெள்ளிக்காசு வைத்திருந்த பெண். ஒன்று தொலைந்துபோகிறது. விளக்கைக் கொளுத்தி, வீட்டைப் பெருக்கி, கிடைக்கும்வரை தேடுகிறாள்.

முதலில் ஒரே ஒரு வாக்கியம் முடிவு செய்யுங்கள்: "நான் தொலைந்தால் கடவுள் தேடுவார்." இரண்டாவது வாக்கியம் வேண்டாம். மனந்திரும்புதல் அது இதென்று 3 வயதுக்கு நீட்டினால் எதுவும் நிற்காது.

பட்டறையில் மணி கோக்காத கொலுசுச் சங்கிலி கிடக்குமே, பத்துத் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பாயில் வரிசையாக வைத்துப் பெரியவளை எண்ணச் சொல்லுங்கள். அவள் கண்ணை மூடியிருக்கும்போது ஒன்றை எடுத்துப் பாயின் ஓரத்துக்கு அடியில் தள்ளிவிடுங்கள். மறுபடி எண்ணினால் ஒன்பது. லைட்டை அணையுங்கள். சின்னவள் கையில் டார்ச், பெரியவள் கையில் விளக்குமாறு. சின்னவள் டார்ச்சைக் கூரையில்தான் அடிப்பாள், அடிக்கட்டும். பெரியவள் பெருக்குகிற சாக்கில் பாயைத் தூக்குவாள், வெள்ளி மின்னும், வீடே அதிரும். "ஒன்பது இருக்கே, ஒண்ணு போனா போகுதுன்னு அந்த அம்மா ஏன் விடலை?" என்று மட்டும் கேளுங்கள். பட்டறை வீட்டுப் பிள்ளைக்கு இதற்குப் பதில் தெரியும். தரையில் விழுந்த வெள்ளித் தூளைக்கூடக் கூட்டி எடுத்து வைப்பதைத் தினமும் பார்க்கிறவள்.

அந்தக் கதையில் காசு கிடைத்ததும் அவள் தோழிகளையும் பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டுச் சந்தோஷப்படுகிறாள். நீங்களும் பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கூப்பிட்டுப் பலகாரம் கொடுங்கள். தயாரிப்பு இவ்வளவுதான், முந்தின நாள் பாத்திரம் கழுவும்போதே யோசித்துவிடலாம். ஒன்று மட்டும், முடிந்ததும் பத்துத் துண்டையும் எண்ணி எடுத்து வையுங்கள். சின்னவள் வாயில் போட்டுக்கொள்ளும் வயசு.

கேள்வி (ஓமலூர்): பெரியவனுக்கு 8, சின்னவளுக்கு 3. அவளுக்காகச் சொன்னால் இவன் கொட்டாவி விடுகிறான்.

அவனைக் கேட்பவனாக வைத்திருப்பதால்தான் கொட்டாவி. சொல்பவனாக மாற்றுங்கள். தினசரி காலண்டரின் பழைய அட்டை ஒன்றை எடுத்துப் பாட்டு, ஜெபம், கதை, விளையாட்டு, பலகாரம் என்று எழுதுங்கள். ஆளுக்கொரு துணி கிளிப்பில் பெயர் எழுதி அட்டை ஓரத்தில் மாட்டுங்கள். வாரா வாரம் கிளிப் ஒரு படி இறங்கும். கதை கிளிப் அவனிடம் வரும் வாரம், முந்தின நாளே அவனோடு ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அவன் நடுவில் தப்பாகச் சொன்னால் அப்போது திருத்தாதீர்கள். கோலியாத்துக்கு இரண்டு தலை என்று சொன்னாலும் அன்றைக்கு இரண்டு தலைதான். மறுநாள் சரிசெய்துகொள்ளலாம்.

3 வயதுக்காரிக்குக் கிளிப் "ஜெபம்" பக்கம் வந்தால் நீங்கள் ஒரு வரி சொல்ல, அவள் திருப்பிச் சொன்னால் போதும்.

கேள்வி (நெத்திமேடு): வாரம் முழுக்கப் பண்ணின சேட்டையை எல்லாம் அன்றைக்கு எடுத்து வைத்துப் பேசலாமா? எல்லாரும் ஒன்றாக இருக்கும் நேரம் அதுதான்.

வேண்டவே வேண்டாம். அது விசாரணைக் கமிஷன் ஆகிவிடும். ஒரு தடவை அப்படி நடந்தால் அடுத்த வாரம் பாயைப் பார்த்ததுமே பிள்ளை வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளும். பொய் சொன்னான் என்றால் சொன்ன அன்றைக்கே, தனியாகப் பேசி முடித்துவிடுங்கள். குடும்ப மாலையில் உண்மையைப் பற்றிக் கதை சொல்லலாம், ஆனால் கதை சொல்லும்போது அவனைப் பார்க்காமல் சொல்லுங்கள்.

கேள்வி (ஏற்காடு, எஸ்டேட் குடியிருப்பு): நவம்பரிலிருந்து ஜனவரி வரை காப்பிப் பழம் பறிப்பு. சாயங்காலம் வந்தால் சோறாக்கிப் படுக்கத்தான் தெம்பு இருக்கிறது.

அந்த மாதங்களில் பாய் விரிக்காதே கண்ணு. உபாகமம் 6-ஆம் அதிகாரத்தில் பிள்ளைகளிடம் எப்போதெல்லாம் பேச வேண்டும் என்று சொல்லியிருப்பதைப் பார். வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுக்கிறபோதும், எழுந்திருக்கிறபோதும். வழியில் நடப்பது உனக்கு நிறையவே இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடும் வழியில் ஒரு செடி முன்னால் நின்று, சிவந்த பழத்தை மட்டும் தொடச் சொல். ஒரே கொத்தில் பச்சையும் மஞ்சளும் சிவப்பும் இருக்கும். "பச்சையை ஏன் அம்மா பறிக்க மாட்டாங்க?" என்று கேள். பொறுமைக்கு இதைவிடப் பாடம் நான் எங்கே போய்த் தேடுவது?

(எங்கள் சபையில் காப்பி குடிப்பதில்லை. அதனால் செடியிடம் பாடம் கேட்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன். பறிக்கிற உன் உழைப்புக்கு மரியாதை குறையவில்லை.)

கேள்வி (அம்மாபேட்டை): நாங்கள் இந்துக் குடும்பம், வீட்டிலேயே விசைத்தறி. இது எங்களுக்கும் ஒத்துவருமா?

ஏன் ஒத்துவராது? சாமிக்கு விளக்கேற்றி ஒரு பாட்டோடு தொடங்குங்கள், தறி நிற்கும் நேரமாகப் பார்த்து வையுங்கள், அவ்வளவுதான். பாடத்துக்குத் திருக்குறள் ஒன்றே பல வருஷத்துக்குக் காணும். "கனிஇருப்பக் காய்கவர்ந் தற்று" என்று முடியும் நூறாவது குறளை எடுங்கள். நல்ல சொல் இருக்கும்போது கெட்ட சொல்லைப் பேசுவது, பழம் இருக்கும்போது காயைத் தின்பது மாதிரி. மே மாதம் சேலத்தில் இதை நடத்தாமல் எப்போது நடத்துவது? ஒரு தட்டில் பழுத்த மல்கோவா, இன்னொரு தட்டில் புளிப்பு மாங்காய். நல்ல சொல் ஒன்று சொன்னவருக்குப் பழத்துண்டு.

மாங்காய்க்குப் பக்கத்தில் உப்பும் மிளகாய்த்தூளும் வைத்துவிடாதீர்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் காயைத்தான் எடுப்பார்கள், வள்ளுவர் தோற்றுப்போவார்.

கேள்வி (குகை): என் மாமியார் ஜெபம் ஆரம்பித்தால் இருபது நிமிஷம். சொல்லவும் முடியவில்லை.

கதை கிளிப்பை அத்தையிடம் கொடுத்துவிடுங்கள். "உங்க சின்ன வயசுக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்க அத்தை" என்று கேளுங்கள். மேட்டூர் அணையை முதன்முதலாகப் பார்த்தது, மூட்டை கட்டிக்கொண்டு ரயிலில் போனது, எதுவானாலும் சரி. இருபது நிமிஷம் போனாலும் பிள்ளைகள் அசைய மாட்டார்கள். ஜெபத்தைச் சின்னவனிடம் விடுங்கள், அரை நிமிஷத்தில் முடித்துவிடுவான். பாட்டியும் பேரனிடம் குறுக்கே பேச மாட்டார்.

கேள்வி (ஆத்தூர்): யூடியூபில் பைபிள் கார்ட்டூன் போட்டால் போதாதா?

மூன்று நான்கு நிமிஷம் காட்டுங்கள், தப்பில்லை. முடிந்ததும் போனை வேறு அறையில் வைத்துவிட்டு வந்து உட்காருங்கள். மேஜை மேல் இருந்தால் பிள்ளையின் கண் அங்கேதான் இருக்கும். உங்கள் கண்ணும்.

கேள்வி (ஐந்து ரோடு, பலர் கேட்டது): மாதத்துக்கு ஒரு திட்டம் போட்டுக் கொடுங்கள்.

நான்கு வாரத்துக்கு நான்கு தலைப்பு என்று ஓடாதீர்கள். மாதம் முழுக்க ஒரே தலைப்பு. நன்றி என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம், இயேசு பத்துக் குஷ்டரோகிகளைக் குணமாக்கியதும் ஒருவன் மட்டும் திரும்பி வந்த கதை. பத்து விரலையும் காட்டி ஒன்பதை மடக்குங்கள், 3 வயதுக்கும் புரியும். அடுத்த வாரம் பால்காரருக்கோ தெருக் கூட்டும் அக்காவுக்கோ பிள்ளைகளே ஒரு அட்டை வரைந்து, மறுநாள் காலையில் கையில் கொடுக்கட்டும். அட்டையைவிட, வாசலில் நின்று வாய் திறந்து நன்றி சொல்வதுதான் அவர்களுக்குக் கஷ்டம். பக்கத்தில் நில்லுங்கள், ஆனால் நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

மூன்றாம் வாரம் வெளியே. எனக்குப் பிடித்தது இதுதான். ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் வண்டியில் இருக்கும் ஒருவர் ஒரு நன்றி சொல்ல வேண்டும், ஒருமுறை சொன்னதைத் திரும்பச் சொல்லக் கூடாது. முதல் ஐந்து வளைவில் அம்மா, அப்பா, பொம்மை, ஐஸ்கிரீம் எல்லாம் தீர்ந்துவிடும். பத்துக்கு மேலேதான் விஷயம் வெளியே வரும். "ஜுரத்தன்னிக்கு நீ ராத்திரி தூங்காம இருந்தியே" என்பது மாதிரி. வண்டி ஓட்டுபவருக்கு மட்டும் விதிவிலக்கு, அவர் ரோட்டைப் பார்க்கட்டும். வாந்தி எடுக்கும் பிள்ளையின் கையில் ஒரு எலுமிச்சம்பழம் கொடுங்கள். மலைக்குப் போக வசதிப்படாவிட்டால் மாடிப்படி இருக்கிறது, ஒரு படிக்கு ஒரு நன்றி.

நான்காம் வாரம் முழுக்கப் பிள்ளைகள் கையில். குழப்பமாகத்தான் இருக்கும், விட்டுவிடுங்கள்.

கேள்வி (கொண்டலாம்பட்டி): கடைசியில் பலகாரத்துக்குத் தட்டுவடை செட் வாங்கி வைக்கலாமா? பிள்ளைகள் அதற்காகவே வருவார்கள் போலிருக்கிறது.

அதற்காகவே வரட்டுமே! வாங்கிக் கொடுத்தால் நமத்துப்போகும், தட்டுவடையைத் தனியாகவும் சட்னியைத் தனியாகவும் கட்டித் தரச் சொல்லுங்கள். பலகாரக் கிளிப் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் எல்லாருக்கும் அடுக்க வேண்டும், தனக்குக் கடைசியில். சின்னவர்களுக்குச் சிவப்புச் சட்னி வேண்டாம், கேரட்டும் பீட்ரூட்டும் மட்டும் துருவி வையுங்கள்.