பழைய ஓய்வூதியப் பணத்தை வெள்ளியாக மாற்றலாமா?

கேள்வி: பணி விசாவில் ஒன்பது ஆண்டுகள் அமெரிக்காவில் இருந்துவிட்டு, 2019-இல் சேலம் திரும்பி, அப்பாவின் கொலுசுப் பட்டறையைக் கவனித்துவருகிறேன். வயது 46. அங்குள்ள பழைய நிறுவனத்தின் 401(கே) ஓய்வூதியக் கணக்கில் சுமார் 50,000 டாலர் அப்படியே கிடக்கிறது. அதைத் 'தங்க ஐ.ஆர்.ஏ.' (உலோகம் வாங்கி வைக்கும் தனிநபர் ஓய்வூதியக் கணக்கு) என்ற கணக்குக்கு மாற்றி வெள்ளிக் கட்டிகளாக வாங்கலாம், வரி கிடையாது, கட்டிகளை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு விற்பனையாளர் தொலைபேசியில் வற்புறுத்துகிறார். மாற்றலாமா?

– வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றாரே, அதிலிருந்தே தொடங்குவோம். அந்தக் கணக்கில் வாங்கும் உலோகம் வங்கி போன்ற, அங்கீகாரம் பெற்ற காப்பாளரின் பொறுப்பில்தான் இருக்க வேண்டும். இப்படி வாங்கிய நாணயங்களை வீட்டில் வைத்திருந்த ஒருவரின் வழக்கில், அது பணத்தை வெளியே எடுத்ததற்குச் சமம் என்று அமெரிக்க வரி நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்து, வரி கட்ட வைத்தது. ஐம்பத்தொன்பதரை வயதுக்கு முன் எடுத்தால், வரியோடு பெரும்பாலும் 10 சதவீத அபராதமும் சேரும். பற்றவைக்கப் பொடி வைத்து ஊதுவது பட்டறைக்கு அவசியம்தான். பொடி வைத்துப் பேசும் விற்பனையாளரிடம் எச்சரிக்கை வேண்டும்.

வரி இல்லை என்பது பணம் போகும் வழியைப் பொறுத்தது. பழைய கணக்கிலிருந்து புதிய காப்பாளருக்கு நேராகப் போனால் அப்போது வரி இல்லை. காசோலை உங்கள் பெயருக்கு வந்தாலோ, அமெரிக்கக் குடிமகனுக்கு 20 சதவீதமும், உங்களைப் போல் நாடு திரும்பிய அயல்நாட்டவருக்குப் பொதுவாக 30 சதவீதமும் பிடித்துக்கொண்டே தருவார்கள். 50,000 டாலரில் 35,000 கைக்கு வரும். விடுபட்ட 15,000-ஐச் சொந்தப் பணத்திலிருந்து போட்டு, 60 நாட்களுக்குள் முழுத் தொகையையும் புதிய கணக்கில் செலுத்தாவிட்டால், செலுத்தாமல் விட்ட தொகை வெளியே எடுத்ததாகவே கணக்காகும்.

அந்த விற்பனையாளருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லாத சிக்கல் ஒன்று நம் பக்கம் இருக்கிறது. அமெரிக்க ஓய்வூதியக் கணக்கில் சேரும் வருமானத்துக்கு ஆண்டுதோறும் இங்கே வரி கட்டாமல், பணத்தை எடுக்கும்போது கட்டலாம் என்ற சலுகையை 2021 நிதிச் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் அது, வெளிநாட்டில் குடியிருந்த காலத்தில் தொடங்கிய கணக்குக்கு என்று வரையறுக்கப்பட்ட சலுகை. சேலத்தில் உட்கார்ந்துகொண்டு இப்போது தொடங்கும் புதுக் கணக்குக்கு அது கிடைக்காமல் போகலாம் என்பதால், கையெழுத்துப் போடும் முன் உங்கள் ஆடிட்டரிடம் இந்த ஒரு கேள்வியையாவது கேட்டுவிடுங்கள்.

இவையெல்லாம் சரியாக அமைந்தாலும் நான் மாற்றச் சொல்ல மாட்டேன். உங்கள் பட்டறையின் சரக்கு வெள்ளி, வரவேண்டிய பாக்கியும் வெள்ளி விலையோடு ஏறி இறங்குவது. வயதான காலத்துக்கென்று தனியே நிற்கும் பணத்தையும் வெள்ளி உருக்கும் அதே கிண்ணத்தில் போடுவானேன்? 1980 ஜனவரியில் அவுன்ஸ் 50 டாலரை நெருங்கிய வெள்ளி, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் 5 டாலருக்கும் கீழே கிடந்தது. 2011 ஏப்ரலில் மறுபடி அதே உயரத்துக்குப் போய், 2015 கடைசியில் 14 டாலருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆண்டுகளிலெல்லாம் அது வட்டியும் தரவில்லை, ஈவுத்தொகையும் தரவில்லை. இந்தக் கணக்கிலோ காப்பாளர் கட்டணம், பெட்டக வாடகை என்று ஆண்டுதோறும் தேய்மானம் வேறு உண்டு.

உலோகம் கொஞ்சம் இருக்கட்டும் என்று மனம் கேட்டால், இங்குள்ள சேமிப்பில் ஒரு சிறு பகுதியை 2022 முதல் நம் நாட்டிலேயே கிடைக்கும் வெள்ளி இ.டி.எஃப்.-இல் (வெள்ளி விலையைப் பின்தொடரும், பங்குச் சந்தையில் வாங்கி விற்கக்கூடிய நிதியில்) போடலாம், அதற்காக அமெரிக்கக் கணக்கைத் தொட வேண்டியதில்லை.

அந்த விற்பனையாளர் மறுபடி அழைத்தால், 100 அவுன்ஸ் கட்டி ஒன்றை இன்று என்ன விலைக்கு விற்பார், இன்றே திருப்பிக் கொடுத்தால் என்ன விலைக்கு எடுப்பார் என்று இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். பழைய கொலுசுக்கு டச் (வெள்ளியின் தூய்மை) பார்த்து, அழுக்குக் கழித்து விலை சொல்லும் உங்களுக்கு அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியை நான் விளக்க வேண்டியிருக்காது.