பெரிய டாக்டரைத் தடுத்து நிறுத்தலாமா? மேட்ரனிடம் கேள்விகள்

மலேசியாவின் பினாங்கில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து மேட்ரனாக (தலைமை நர்ஸாக) ஓய்வு பெற்றவள் நான். கடைசிச் சில ஆண்டுகள் தரப் பிரிவில் இருந்தேன். மருத்துவமனையின் வேலைக் கலாச்சாரத்தை மேலிடம் எப்படி மாற்றுவது என்று வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

செந்தூல், ஹவுஸ்மேன் (பயிற்சி டாக்டர்): அக்கா, நோயாளி நிலை மோசமாவது தெரிந்தாலும் ராத்திரி மூன்று மணிக்கு ஸ்பெஷலிஸ்டை எழுப்பப் பயமாக இருக்கிறது. போன தடவை "இதுகூடத் தெரியாதா" என்று திட்டு விழுந்தது.

கூப்பிடுங்கள் தம்பி. முதலில் எம்.ஓ. (மருத்துவ அதிகாரி), அவர் கிடைக்காவிட்டால் ஸ்பெஷலிஸ்ட். "டாக்டர், நீங்கள் வந்து பார்க்க வேண்டும்" என்பதை முதல் வாக்கியமாக வையுங்கள். காரணத்தை அடுத்துச் சொல்லலாம். கூப்பிட்ட நேரத்தை நோட்ஸில் எழுதிவிடுங்கள்.

ஆனால் இந்தப் பயத்தைப் போக்குவது உங்கள் வேலையில்லை, துறைத் தலைவருடையது. என்னோடு வேலை செய்த துறைத் தலைவர் ஒருவர், புதிய ஹவுஸ்மேன்கள் வந்த முதல் நாளே சொல்லிவிடுவார்: "எழுப்பியதற்குத் திட்ட மாட்டேன், எழுப்பாததற்குத்தான் கேட்பேன்." ஒருமுறை தேவையே இல்லாமல் ஒரு பெண் அவரை எழுப்பிவிட்டாள். வந்து பார்த்தார். மறுநாள் ரவுண்ட்ஸில் எல்லோர் முன்னாலும் அவளுக்கு நன்றி சொன்னார். அதன்பிறகு அந்த வார்டில் யாரும் போனைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கவில்லை.

பாயான் லெப்பாஸ், தனியார் மருத்துவமனை நிர்வாகி: இந்த ஆண்டு எங்கள் சம்பவ அறிக்கைகள் (தவறோ விபத்தோ நடந்தால் ஊழியர்கள் எழுதுபவை) பாதியாகக் குறைந்துவிட்டன. நிர்வாகம் கொண்டாடுகிறது. சரிதானே?

கேக் வெட்டுவதை ஒத்திப்போடுங்கள். 1990-களில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் வார்டுகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுவில் தவறு குறைவாக இருக்கும் என்பது அவர் எதிர்பார்ப்பு. நல்ல தலைமை உள்ள குழுக்களில்தான் அதிகம் பதிவாகியிருந்தது. அங்கே வாயைத் திறக்கப் பயமில்லை, அதனால் எழுதினார்கள்.

அறிக்கை குறைந்திருக்கிறது, படுக்கைப் புண், கீழே விழுதல், தொற்று எல்லாம் குறைந்திருக்கின்றனவா? இல்லையென்றால் உங்கள் ஆட்கள் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள் என்று அர்த்தம். கடைசியாக அறிக்கை எழுதிய மிஸியை (நர்ஸை) தேடிப்பிடித்து, எழுதியபின் என்ன நடந்தது என்று கேளுங்கள். "விளக்கக் கடிதம் கேட்டார்கள்" என்றால் நோய் பிடிபட்டுவிட்டது.

சியாட்டிலில் வர்ஜீனியா மேசன் மருத்துவமனையில் 2004-இல் எக்ஸ்ரேயில் ரத்தக்குழாய் தெரிவதற்காக ஏற்றும் சாயத் திரவத்துக்குப் பதிலாகக் கிருமிநாசினியை ஊசியில் ஏற்றி ஒரு பெண்மணி இறந்துபோனார். இரண்டுமே நிறமில்லாத திரவம். நிர்வாகம் மறைக்காமல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. வக்கீல்கள் என்ன ஆலோசனை சொல்லியிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

பட்டர்வொர்த், ஐசியு நர்ஸ்: கன்சல்டன்ட் கை கழுவாமல் லைன் (பெரிய ரத்தக்குழாயில் செருகும் குழாய்) போட வந்தால் நான் தடுக்க முடியுமா? வேலை போய்விடாதா?

அமெரிக்காவின் மிச்சிகனில் பீட்டர் ப்ரொனோவோஸ்ட் என்ற டாக்டர் செய்ததைப் பாருங்கள். ஐந்தே படிகள்: கை கழுவு, தொப்பி, முகக்கவசம், கவுன், கையுறை, விரிப்பு என முழு மறைப்பு, குளோரெக்சிடின் கிருமிநாசினியால் தோலைத் துடை, முடிந்தவரை தொடைப் பகுதியைத் தவிர், தேவையில்லாத லைனை எடு. 103 ஐசியுக்களில், ஆயிரம் கத்தீட்டர் நாட்களுக்கு (நோயாளிகளுக்கு லைன் போட்டிருந்த நாட்கள்) 2.7 என்றிருந்த ரத்தத் தொற்றின் நடு அளவு (மீடியன்) மூன்றே மாதத்தில் சுழியத்துக்கு வந்தது. 2006-இல் வெளிவந்த முடிவு இது.

எல்லோரும் அந்தப் பட்டியலை நகலெடுத்தார்கள். கூடவே இருந்த இன்னொன்றை விட்டுவிட்டார்கள்: படி தவறினால் நர்ஸ் நிறுத்தலாம், நிறுத்தினால் மேலிடம் அவள் பக்கம் நிற்கும். அது இல்லாத இடத்தில் செக்லிஸ்ட் எப்படி இருக்கும் தெரியுமா? நோயாளி ஆபரேஷன் தியேட்டருக்குள் வருவதற்கு முன்பே எல்லாக் கட்டத்திலும் டிக் இருக்கும்! ஆகவே உங்கள் கேள்வியை இயக்குநரிடமே கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் வராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

ஸ்தாப்பாக்: கேமரன் மலையில் இரண்டு நாள் டீம் பில்டிங் ஏற்பாடு செய்கிறார்கள். பயன் உண்டா?

அங்கே ஸ்ட்ராபெரி நன்றாக இருக்கும்.

பிரிக்பீல்ட்ஸ், நோயாளியின் மகள்: புகார் கொடுத்தால் அப்பாவைச் சரியாகக் கவனிக்க மாட்டார்களோ?

பயம் நியாயமானதுதான் மா. முதலில் வார்டு சிஸ்டரிடம், ஆளைக் குறை சொல்லாமல், "அப்பாவை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இன்று யார் பார்க்கிறார்கள்?" என்று கேளுங்கள். நடக்கவில்லையென்றால் பொதுத் தொடர்புப் பிரிவுக்கு எழுதுங்கள். இங்கிலாந்தின் மிட் ஸ்டாஃபோர்ட்ஷர் மருத்துவமனையில் கவனிப்பு மோசம் என்று குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் கத்தினார்கள். நிர்வாகத்தின் கண் வரவு செலவிலேயே இருந்தது. 2013-இல் வந்த விசாரணை அறிக்கையில் 290 பரிந்துரைகள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: முப்பது பேருக்கு இரண்டு மிஸி என்றால் எந்தக் கலாச்சாரமும் காப்பாற்றாது.

கோலாலம்பூர், எம்.ஓ.: ஜூனியர்களைப் பகடிவதை செய்யும் (மட்டம் தட்டித் துன்புறுத்தும்) சீனியர், கைராசிக்காரர். அவரை யார் தொடுவார்கள்?

2022-இல் பினாங்கில் ஒரு ஹவுஸ்மேன் இறந்தபின் சுகாதார அமைச்சு பணிக்குழு அமைத்து வேலைக் கலாச்சாரத்தை ஆராய்ந்தது. "நாங்களும் திட்டு வாங்கித்தான் கற்றோம்" என்பவர்கள் அதன்பிறகும் இருக்கிறார்கள். இப்படிப்பட்டவரைத் தொடுவதுதான் இயக்குநருக்குப் பரீட்சை. அவருக்கு மட்டும் விலக்கு என்றால், சுவரில் ஃபிரேம் போட்ட விழுமியங்களைக் கழற்றிவிடலாம்.

ஜார்ஜ்டவுன், புதிதாகப் பொறுப்பேற்றவர்: முதல் மாதம் ஒரே ஒரு காரியம் செய்வதென்றால்?

இரவு ஒன்பது மணி பாஸ் ஓவருக்கு (ஒரு ஷிஃப்ட் அடுத்த ஷிஃப்டிடம் பொறுப்பை ஒப்படைக்கும் நேரம்) வார்டில் போய் நில்லுங்கள். "நேற்று எது ஆபத்தில் முடிந்திருக்கும்?" என்று கேளுங்கள். உடைந்த சக்கர நாற்காலியோ வேலை செய்யாத சக்ஷனோ (சளி உறிஞ்சும் கருவி), அவர்கள் சொன்னதில் ஒன்றை அந்த வாரத்திலேயே சரிசெய்து, சொன்ன ஆளிடமே போய்த் தெரிவியுங்கள். போட்டோ எடுப்பவரைக் கூட்டிப் போகாதீர்கள்.