தரங்கம்பாடிக்கு இரண்டு நாள் தேவையா, அரை நாள் போதாதா?

பாண்டிச்சேரி அலுத்துவிட்டது, வார இறுதியில் தரங்கம்பாடியில் தங்கி ஓய்வெடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கோட்டையைத் தவிர அங்கே ஒன்றுமில்லை, அரை நாள் போதும் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

போங்கள். இரவு தங்குங்கள். அரை நாள் போதும் என்பவர்கள் பெரும்பாலும் திருக்கடையூர் கோயிலுக்கு வந்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு முன்பு வேனில் ஒரு எட்டு வந்து போகிறவர்கள். நடுப்பகல் வெயிலில் மணல் காலைச் சுடும்போது பார்த்தால் எந்தக் கடற்கரையும் அப்படித்தான் தெரியும். மாலையில் வெயில் கோட்டைக்குப் பின்னால் இறங்கியதும் அதன் நிழல் கடல் பக்கமாக நீண்டு விழுகிறது. உள்ளூர்க்காரர்கள் வீட்டைவிட்டு வெளியே வரும் நேரம் அதுதான்.

நீங்கள் சென்னையில் வேலை பார்ப்பவர், வாரம் முழுவதும் உட்கார்ந்து களைத்தவர் என்று எண்ணிக்கொள்கிறேன். நான் அழைத்துச் சென்றவரின் களைப்பு வேறு. என் அம்மா சீர்காழிப் பக்கம் பிறந்து மயிலாடுதுறையில் வாழ்க்கைப்பட்டவர். திருநள்ளாறுக்கும் நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் தரங்கம்பாடி வழியாகப் பேருந்தில் போயிருக்கிறார். ஒருமுறைகூட இறங்கியதில்லை. கோயிலோ துக்கமோ இல்லாமல், சும்மா இருப்பதற்கென்று ஓர் ஊரில் அவர் தங்கியதும் இல்லை. அவருக்கு அறுபது வயது நிறைந்த வாரத்தில்தான் இருவரும் போனோம்.

பழைய வீடு ஒன்றைத் தங்கும் விடுதியாக மாற்றியிருந்தார்கள். மதியம் கொடுவா மீன் குழம்பு. வேறொருவர் வைத்த குழம்பை அம்மா குறை சொல்லாமல் சாப்பிட்டதே எனக்கு ஆச்சரியம். பிறகு படுத்தவர் மாலை வரை தூங்கினார். வீட்டில் அவர் பகலில் தூங்கமாட்டார். பால் வரும், தண்ணீர் வரும், யாராவது காபி கேட்பார்கள். அன்று யாரும் எழுப்பவில்லை. நான் வாசல் திண்ணையில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அதைவிட நல்ல பொழுது அந்தப் பயணத்தில் வாய்க்கவில்லை.

முப்பது கிலோமீட்டர் தூரத்தில் சொந்த வீடு இருக்கும்போது வாடகை கொடுத்து அறை எடுப்பது பணக்கொழுப்பு என்று இங்கேயும் சிலர் எழுதக்கூடும். என் பெரியப்பா ஏற்கெனவே சொல்லிவிட்டார். வீட்டில் இருந்தால் அம்மா வேலை செய்வார், அதனால்தான் அறை எடுத்தேன். அந்தப் பணம் என் சம்பளப் பணம்.

உங்கள் கேள்விக்குத் தொடர்பில்லைதான், ஆனாலும் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. தரங்கம்பாடிக்குச் சில கிலோமீட்டர் முன்னால் இருக்கிறது திருக்கடையூர். எங்கள் உறவில் யாருக்கு அறுபது நிறைந்தாலும் அங்கேதான் மணிவிழா. ஒவ்வொன்றுக்கும் அம்மா முதல் நாளே போய்க் காய் நறுக்கிக் கொடுத்திருக்கிறார். தாலி கட்டும் நேரத்தில் மட்டும் அவரைப் பைகளுக்குக் காவலாக ஓரத்தில் உட்கார வைத்துவிடுவார்கள், அப்பா இல்லை என்பதால். அம்மாவுக்கு அறுபது நிறைகிறது என்று நான் சொன்னபோது, "அவளுக்கு என்ன விழா?" என்று கேட்டவர் அவருடைய சொந்த அக்கா. கோயிலின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை, அபிராமியை நானும் கும்பிடுகிறவள்தான். மனிதர்கள் நடந்துகொள்ளும் விதத்தைத்தான் சொல்கிறேன். கணவரை இழந்த பிறகு இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தவருக்கு அறுபது நிறைவது கொண்டாட வேண்டிய செய்தி இல்லையா?

சரி, ஊருக்கு வருகிறேன். ஒன்றுமில்லை என்று சொன்னவருக்கு இதைக் காட்டுங்கள். தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டத் தொடங்கியது டேன்ஸ்பர்க் கோட்டை. 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கும்வரை, சிறிய இடைவெளிகள் தவிர, ஊர் அவர்கள் கையில்தான் இருந்தது. 1706இல் கரையிறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு தமிழ் கற்று மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715 வாக்கில் இங்கே அச்சாகி முடிந்தது. அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் ராஜ வீதியில் இருக்கிறது, அவருடைய கல்லறையும் அதற்குள்தான். டேனிஷ்காரர்களுக்கும் மூத்தது மாசிலாமணிநாதர் கோயில், பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது, மிச்சத்தைக் கருங்கல் கொட்டிப் பாதுகாத்திருக்கிறார்கள். அம்மா அங்கே நெடுநேரம் நின்றார். 2004 சுனாமியில் இந்த ஊர் பட்ட பாட்டை அவர் அக்கம்பக்கத்தில் கேட்டு அறிந்தவர்.

இவை எல்லாம் ஒன்றுக்கொன்று நடந்து போகும் தூரம்தான். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று பார்த்தாலே போதும். பூம்புகாரையும் காரைக்காலையும் இதே பயணத்தில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் ஓய்வு என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் பெரிய மீன்கள் குறைவாகவே கிடைக்கும், வெயிலும் கடுமை. கடலில் கால் நனைக்கலாம், நீந்த இறங்காதீர்கள். அலையின் இழுப்பு வலுவானது, கரையோரம் கற்களும் உண்டு. சென்னையிலிருந்து மயிலாடுதுறைக்கு ரயில் இருக்கிறது, அங்கிருந்து பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரம். பெரியவர்கள் உடன் வந்தால் அறை பதிவு செய்யும்போதே தரைத்தளத்தில் கேட்டு வாங்குங்கள். பழைய வீடுகளில் மாடிப்படி செங்குத்தாக இருக்கும்.